எண்ணெய் கூடக் குடிக்கும் பழைய கார்: பாஸிடம் போகுமுன் செய்யும் தவறுகள்

லீற்றர் பெற்றோலுக்கு 12 கிலோமீற்றர் ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று 9க்கு இறங்கினால் நாங்கள் செய்வது ஒன்றுதான். நேரே கராஜுக்குப் போய் மெக்கானிக்கிடம், "பாஸ், எண்ணெய் கூடக் குடிக்குது, பிளக்கை மாத்திவிடுங்கோ" என்று நோயையும் சொல்லி மருந்தையும் நாங்களே சொல்லிவிடுவது. அவரும் மாற்றிவிடுவார். என்னுடைய டொயோட்டா 110 கொரோலாவுக்கு ஸ்பார்க் பிளக், எயார் ஃபில்டர், இன்ஜெக்டர் கழுவல் என்று எல்லாம் நடந்தது. எண்ணெய் முள் மட்டும் பழைய வேகத்திலேயே இறங்கியது.

அளக்காமல் முடிவெடுப்பதுதான் முதல் தவறு. மூவாயிரத்துக்கு, ஐயாயிரத்துக்கு என்று அடிப்பவருக்குக் கூடியது விலையா, காரின் குடியா என்று பிரித்தறிய வழியே இல்லை. ஒரே பெற்றோல் செட்டில், பம்ப் தானாக 'டக்' என்று நிற்கும்வரை நிரப்பி, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். பாதித் தாங்கிக்கு மேல் ஓடியபின் திரும்ப அதேமாதிரி நிரப்புங்கள். 384 கிலோமீற்றருக்கு 32 லீற்றர் போனால் 12. ஒருமுறை பார்த்தால் போதாது, இரண்டு மூன்று முறையாவது வேண்டும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஏசியும் போட்டுக்கொண்டு திருகோணமலையிலிருந்து கந்தளாய்ப் பக்கம் போனால், காற்று முகத்திலேயே அடிக்கும். நல்ல காரும் கூடத்தான் குடிக்கும். முன்பைவிடப் பெரிய ரயர் போட்டிருந்தால் மீற்றர் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும், அதையும் நினைவில் வையுங்கள்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கிய காலத்தில் தொடங்கிய கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. பிறகு பழக்கம் விடவில்லை. அதைப் புரட்டியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது: ரேடியேற்றர் வேலை செய்த அடுத்த கிழமையே கணக்கு சரிந்திருந்தது. இதை முதலே பார்த்திருந்தால் பிளக் காசு மிஞ்சியிருக்கும்.

அப்புறம், கழற்றிய பிளக்கைப் பார்க்காமல் வீசுவது. அதன் நுனி மங்கிய பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்து கறுத்திருந்தால் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் போகிறது. ஒன்று மட்டும் கறுப்பு என்றால் அந்தச் சிலிண்டரில் பிரச்சினை. நாலும் ஒரேமாதிரிக் கறுப்பு என்றால் நாலுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. எனக்கு நாலும் கறுப்பு. புதுப் பிளக்கும் ஒரு மாதத்தில் கறுத்தது.

அந்தப் பொதுவான காரணம் தெர்மோஸ்டாட் வால்வு. இயந்திரத் தண்ணீர் 80 பாகை செல்சியஸ் தாண்டும்வரை அதை ரேடியேற்றர் பக்கம் விடாமல் தடுப்பது அதன் வேலை. கார் சூடேறுகிறது என்று கொண்டுபோனால், "இந்த வெயிலுக்கு வால்வு எதுக்கு?" என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். எனக்கும் அதுதான் நடந்தது, சொல்லாமலே. வால்வு இல்லாவிட்டால் நிலாவெளி ரோட்டில் 70இல் போகும்போது இயந்திரம் குளிர்ந்துபோகிறது. சென்சரைப் பார்த்து கம்பியூட்டர், "இன்னும் சூடாகவில்லை" என்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டி விட்டுக்கொண்டே இருக்கும். பல ஓட்டோ கியர் கார்களில் சூடாகும்வரை கடைசிக் கியரும் விழாது. இரட்டை நட்டம்.

இதைப் பார்க்க ஒரு சதமும் செலவில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணி, ரேடியேற்றருக்குப் போகும் மேல் குழாயை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள் (வால்வு கீழ்க் குழாய்ப் பக்கம் உள்ள கார்களில் கீழ்க் குழாயை; விசிறிக்குக் கை கவனம்). வால்வு நல்லதென்றால் குழாய் நெடுநேரம் குளிராகவே இருந்து பிறகு சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது உள்ளே வால்வே இல்லாமலிருக்கலாம். வெப்ப முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடப்பதை நல்ல சகுனமாக எடுக்காதீர்கள்.

இயந்திரத்தையே நோண்டிக்கொண்டு சில்லுகளை மறப்பது இன்னொன்று. உப்புவெளி, நிலாவெளி என்று கடலோரத்தில் நிற்கும் கார்களுக்கு உப்புக் காற்றில் பிரேக் கலிப்பர் ஊசிகளும் ஹேண்ட்பிரேக் கேபிளும் துருப்பிடித்து இறுகும். காலை எடுத்தபிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, நாலு ரிம்முக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் ஆள் அதுதான்.

புகையில் மிஞ்சும் ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சரை ஊகத்தில் மாற்றாதீர்கள். விலை கூடிய சாமான். முதலில் சாவியைத் திருப்பி, இயந்திர எச்சரிக்கை லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா பாருங்கள். அணையாவிட்டால் கம்பியூட்டர் ஏதோ கோளாறைக் கண்டிருக்கிறது. எரியவே இல்லையென்றால் பல்ப் போயிருக்கலாம், விற்றவர் கழற்றியும் இருக்கலாம். ஒக்டேன் 95 பெற்றோல் அடித்தால் சரியாகும் என்பதும் வீண்; ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்காகச் செய்த இந்த இயந்திரத்துக்கு 92 தாராளம். பெற்றோல் மணம் வந்தால் மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே குழாய்களைப் பாருங்கள்.

வால்வைத் திரும்பப் போட்டபின் கொப்பியில் 11.8 வந்தது. சில மாதம் கழித்து மருமகன் காரைக் கொண்டுபோய்வந்த கிழமை மறுபடி 10. வால்வு, சில்லு எல்லாம் தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கடைசியில் டாஷ்போர்டில் மஞ்சளாய் 'ஓ/டி ஓஃப்' (ஓவர்டிரைவ் நிறுத்தம்) எரிந்துகொண்டிருந்தது. கியர்த் தண்டிலுள்ள பொத்தானில் கை பட்டு, நாலாவது கியர் இல்லாமலே அத்தனை நாளும் ஓடியிருக்கிறது. அதே லைட் விட்டுவிட்டு எரிந்தால்தான் கியர்ப்பெட்டிக் கோளாறு. சும்மா எரிந்தால் பொத்தானை ஒருமுறை அமத்தினால் சரி. மருமகனைக் கேட்டேன்.

"ஏசி லைட் எண்டு நினைச்சன் மாமா" என்றான்.