வீட்டில் சுகர் பார்க்கப் போறீங்களா? முதல்ல கையைக் கழுவுங்க

தக்கலையில் இருக்கும் எங்க பெரியம்மை ஒருநாள் விடியற்காலையில் போன் போட்டு, "மக்களே, மெஷின்ல 312 காட்டுது, நான் தீர்ந்தேன்" என்று ஒரே அழுகை. என்ன செய்தீங்க என்று விசாரித்தால், பேரனுக்கு மட்டிப்பழம் உரித்துக் கொடுத்த கையோடு விரலைக் குத்தியிருக்கிறார். சோப்பு போட்டுக் கழுவிவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். 138. மெஷின் அளந்தது ரத்தத்தோடு சேர்த்துப் பழச்சாற்றையும்தான்.

அதனால் கை கழுவுவதுதான் முதல் வேலை. கழுவியதும் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள், ஈரம் இருந்தால் ரத்தத்தோடு கலந்து அளவு குறைவாகக் காட்டும். ஸ்பிரிட் அவசியமில்லை, தடவினால் அதுவும் காய வேண்டும்.

அப்புறம் ஸ்ட்ரிப் டப்பா. ஸ்ட்ரிப் என்றால் மெஷினில் செருகி ரத்தத்தைத் தொடும் சின்னப் பட்டை. காலாவதித் தேதி பாருங்கள், ஒரு ஸ்ட்ரிப் எடுத்த உடனே மூடிவிடுங்கள். ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று ஈரக்காற்று ஓயாத நம்ம ஊரில், திறந்து கிடக்கும் ஸ்ட்ரிப் சீக்கிரம் கெட்டுப்போகும். அதற்காக ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், அடுப்படியும் வேண்டாம்.

ஸ்ட்ரிப்பைச் செருகினால் மெஷின் தானாக உயிர் பெற்று, ரத்தத் துளி படம் காட்டும். கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டுவிட்டு, விரல் நுனியின் நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. ஊசி மாட்டிக் குத்தும் பேனாவில் ஆழத்தைச் சின்ன எண்ணில் வைத்துத் தொடங்கலாம். ரப்பர் பால்வெட்டிக் காய்த்துப்போன கைக்கு இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டிவரும். நுனியைப் போட்டுப் பிதுக்காதீர்கள், விரலின் அடியிலிருந்து மெதுவாக நீவிவிட்டாலே துளி வரும். ஸ்ட்ரிப்பின் ஓரத்தைத் துளியில் தொட்டால் போதும், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். கை கழுவ வழியே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதில் பாருங்கள்.

வெறும் வயிறு என்றால் 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. "கருப்பட்டிக் காப்பி மட்டும்தான் குடிச்சேன்" என்றால் அது வெறும் வயிறு இல்லை. கருப்பட்டி சுகரை ஏற்றாது என்று நம்ம ஊரில் ஒரு பேச்சு உண்டு, நம்பாதீர்கள், அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். மரச்சீனிக் கிழங்கும் மாவுச்சத்துதான், மீன் குழம்போடு தின்றாலும்! சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்பதாக இருந்தால் முதல் வாய் சோறு வைத்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் எண்ணுங்கள்.

சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் பலருக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குள் என்று டாக்டர்கள் குறி வைப்பார்கள். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது மாறும், உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லேபில் பார்த்ததற்கும் வீட்டு மெஷினுக்கும் 15 சதவீதம் வரை வித்தியாசம் சகஜம். ஒரு தடவை கூடிவிட்டது என்று மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள்.

70க்குக் கீழே போனால் மட்டும் யோசிக்க நேரமில்லை. 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

குத்திய ஊசியைத் தென்னை மூட்டில் வீசாமல், மூடியுள்ள கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வையுங்கள். ஒருவர் ஊசி இன்னொருவருக்கு வேண்டவே வேண்டாம், புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும்.