தரையோரக் காற்றின் கொந்தளிப்பை மாடல் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றாலைக்கு இடம் பார்ப்பவர்கள், ஆலைப் புகை எங்கே போய் இறங்கும் என்று கணக்குப் போடுபவர்கள், வானிலை மாடல் ஓட்டும் ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோருக்கும் தலைவலி ஒன்றுதான்: தரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குள் காற்று எப்படிக் கொந்தளிக்கிறது என்பது. இதில் நடக்கும் தவறுகளை வரிசையாகப் பார்த்தால், சூத்திரம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், கணினியும் ஒழுங்காகவே கூட்டிக் கழித்திருக்கும். அந்தச் சூத்திரம் எந்த நிலத்தில், எந்த நேரத்தில் அளந்து எடுத்தது என்று கேட்காமல் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள், அங்கேதான் கோட்டை விடுவது.

ஏழில் ஒன்று விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டரில் அளந்த வேகத்தை 100 மீட்டருக்கு மாற்ற, உயரங்களின் விகிதத்தை 1/7 அடுக்குக்கு ஏற்றிப் பெருக்குவார்கள். கீழே நொடிக்கு 5 மீட்டர் என்றால் மேலே ஏறக்குறைய 7. சுலபமாக இருக்கிறது, அதனால்தான் விட மனம் வருவதில்லை. ஆனால் நல்ல வெயிலில் காற்று மேலும் கீழுமாகக் கலக்கும்போது அந்த அடுக்கு 0.1 அளவுக்கு இறங்கிவிடும், மேலே 6.3 தான் கிடைக்கும். தெளிந்த வானமுள்ள இரவில் தரை குளிர்ந்து கலப்பு அடங்கியதும் 0.3-க்கும் மேலே போகலாம், அப்போது மேலே 10. காற்றில் உள்ள சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுவது என்பதால் 7-க்கும் 10-க்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். ஆண்டு சராசரியாக ஒரே அடுக்கு எண்ணை எடுத்துக்கொண்டு இரவையும் பகலையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் இது எதுவுமே கண்ணில் படாது.

இரவு விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. சூரியன் மறைந்து கொந்தளிப்பு அடங்கியதும் தரையின் பிடி தளர்ந்து, சில நூறு மீட்டர் உயரத்தில் காற்று வேகமெடுத்து ஒரு தாரையாக ஓடுவதை 1957-இல் பிளாக்கடார் விளக்கினார். புவிச் சுழற்சியால் அந்தக் காற்று ஒரு ஊசலாட்டத்தில் போகும், அதன் கால அளவு அட்சரேகையைப் பொறுத்தது. அமெரிக்காவின் கன்சாஸில் ஒரு சுற்று சுமார் 20 மணி நேரம், அதனால் ஒரே இரவுக்குள் அது நன்றாகத் தலைகாட்டிவிடும். முப்பந்தல் இருக்கும் 8 டிகிரி அட்சரேகையில் அதே கணக்கைப் போட்டால் ஒரு சுற்றுக்கு மூன்றரை நாள் ஆகிறது! ஊசல் பாதி வழி போவதற்குள் விடிந்துவிடும். அங்கே காற்றை இழுத்து வருவது தென்மேற்குப் பருவக்காற்றும் ஆரல்வாய்மொழிக் கணவாயும். பாடநூலில் உள்ள இரவுத் தாரையின் படத்தை அப்படியே கொண்டுவந்து அங்கே ஒட்டினால் எப்படிப் பொருந்தும்?

அப்புறம் மோனின்–ஒபுகோவ் கோட்பாடு. 1954-இல் வந்தது, இன்றைக்கும் உலகத்தில் ஓடும் வானிலை மாடல்கள் பெரும்பாலானவற்றில் தரையையும் காற்றையும் இணைப்பது அதுதான். தரையோரத்தில் காற்றின் வேகமும் வெப்பநிலையும் உயரத்தோடு எப்படி மாறும் என்பதைத் தரையின் உராய்வையும் வெப்பத்தையும் வைத்துச் சொல்வது அது. கோட்பாடு இதற்குச் சார்புகள் இருக்கும் என்று மட்டும் சொன்னது, அவற்றின் வடிவத்தை அளந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அப்படி அளந்த புகழ்பெற்ற இடம் கன்சாஸில் 1968-இல் ஒரு கோதுமை வயல்: அறுவடை முடிந்த தாள், கண்ணுக்கு எட்டியவரை சமதளம், 32 மீட்டர் கோபுரம். அவ்வளவு நல்ல இடத்திலேயே, இந்தச் சூத்திரங்களில் எல்லாம் வரும் வான் கார்மன் மாறிலி என்ற எண் 0.35 என்று வந்தது, இன்று எல்லோரும் எடுத்துக்கொள்வது 0.40. கோபுரமும் கருவிகளும் காற்றோட்டத்தைக் கொஞ்சம் கலைத்திருக்கும் என்பது பிறகு வந்த விமர்சனங்களில் முக்கியமானது. வயல்வெளியிலேயே இந்த நிலை என்றால், நாம் மொட்டை மாடியில் கம்பம் நட்டு அனிமாமீட்டர் (காற்று வேகமானி) வைத்து, அதில் வரும் எண்களை அந்தச் சூத்திரத்துக்குள் போடுவதை என்னவென்று சொல்வது? அந்தக் கருவி அளப்பது பெரும்பாலும் அந்தக் கட்டடத்தைத்தான்.

இந்தக் கோட்பாட்டுக்கு மேலேயும் எல்லை உண்டு, கீழேயும் உண்டு. மேலே, எல்லை அடுக்கின், அதாவது தரையின் பாதிப்பு நேராக எட்டும் காற்றுப் படலத்தின், அடிப்பகுதியில் பத்தில் ஒரு பங்கு வரைதான் அது செல்லும் என்பது வழக்கமான கணக்கு. பகலில் அடுக்கு 1 கிலோமீட்டர் என்றால் 100 மீட்டர் வரை தைரியமாகப் போகலாம். அமைதியான இரவில் அடுக்கே 100 மீட்டர் என்றால் 10 மீட்டரிலேயே வண்டி நின்றுவிடும், காற்றாலையின் சுழலி அச்சு இருக்கும் உயரத்துக்கு அதை நீட்டுவதில் அர்த்தமில்லை. கீழே, காடோ நகரமோ இருந்தால் தடைகளின் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு வரை ஒவ்வொரு மரமும் சுவரும் தனித்தனியாகக் காற்றைத் திருப்பிக்கொண்டிருக்கும், அங்கே சூத்திரம் செல்லாது. அதற்கு மேலேயும் உயரத்தைத் தரையிலிருந்து எண்ணக்கூடாது, தடையின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். இந்தக் கழித்தலை மறப்பவர்கள் ரொம்பப் பேர்.

இரவில் கொந்தளிப்பு செத்துவிடும் என்று எழுதிவைப்பது அடுத்த தவறு. ரிச்சர்ட்சன் எண் (கலப்பை அடக்கும் வெப்பநிலை அடுக்கமைவுக்கும் கலப்பைத் தூண்டும் வேகச் சரிவுக்கும் உள்ள விகிதம்) 0.25-ஐத் தாண்டினால் எல்லாம் முடிந்தது என்பார்கள். 1961-இல் மைல்ஸும் ஹோவர்டும் நிறுவியது வேறு: ஓட்டத்தில் எல்லா இடத்திலும் அந்த எண் 0.25-க்கு மேல் இருந்தால், அமைதியான அந்த ஓட்டம் சிறு அசைவுகளால் தானாகக் குலையாது. ஏற்கெனவே கொந்தளித்துக்கொண்டிருக்கும் காற்று அந்த எண்ணில் அடங்கிவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை. 1999 அக்டோபரில் கன்சாஸில் நடந்த கேசஸ்-99 என்ற கள அளவீடுகளில் இரவுக் கொந்தளிப்பு விட்டுவிட்டு வருவதைத் தெளிவாகவே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் சலனமே இருக்காது, பிறகு திடீரென்று ஒரு வெடிப்பு, மறுபடி அமைதி.

மாடலில் 0.25-இல் கத்தரித்துவிட்டால் என்ன ஆகும்? தரைக்கும் காற்றுக்கும் தொடர்பு அறுந்துபோகும், தரை மேலும் குளிரும், குளிரக் குளிரக் கலப்பு இன்னும் குறையும், வெப்பநிலை கீழே போய்க்கொண்டே இருக்கும். இதைத் தடுக்கத்தான் பல வானிலை மாடல்களில் அந்த எண்ணுக்கு அப்பாலும் கொஞ்சம் கலப்பு இருப்பதாக வால் நீட்டி வைத்திருந்தார்கள். அதற்கும் விலை உண்டு, இரவு அடுக்கு அளவுக்கு மேல் தடிக்கும், தாரை மழுங்கும். ஆகவே 2 மீட்டர் வெப்பநிலை நன்றாகப் பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து இரவு மாடலைப் பாராட்டாதீர்கள், காற்று 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நெதர்லாந்தின் கபாவ் கோபுரம் 213 மீட்டர், அதுபோன்ற தரவை வைத்து ஒப்பிடுவது நல்லது.

பகலில் வேறு விதமாகச் சறுக்குவார்கள். வெப்பம் எப்போதும் சூட்டிலிருந்து குளிருக்குத்தான் போகும், ஆகவே வெப்பநிலைச் சரிவை, அதாவது உயரத்தோடு வெப்பநிலை மாறும் வீதத்தை, கலப்புக் கெழுவால் பெருக்கினால் போதும் என்று நினைப்பார்கள். நண்பகலில் எல்லை அடுக்கின் நடுவே சரிவு ஏறக்குறைய பூஜ்ஜியம், சற்று மேலே போனால் எதிர்த்திசையில்கூட இருக்கும், ஆனாலும் வெப்பம் மேலேதான் போய்க்கொண்டிருக்கும், ஏனென்றால் தரையிலிருந்து கிளம்பும் பெரிய வெப்பக் குமிழ்கள் அக்கம்பக்கத்துச் சரிவைப் பார்த்து நகர்வதில்லை. மாடலுக்குள் எல்லை அடுக்கின் கலப்பைக் கணக்கிடும் பகுதியைத் திட்டம் என்பார்கள், ஒய்.எஸ்.யு. போன்ற திட்டங்கள் இதற்கென்றே தனி உறுப்பு வைத்திருக்கின்றன.

இப்போது அதிகம் நடக்கும் கூத்து கட்ட அளவில்தான், அதாவது மாடல் காற்றைக் கூறுபோட்டுக் கணக்கிடும் சதுரங்களின் அளவில். கணினி மலிவாகிவிட்டது, டபிள்யூ.ஆர்.எஃப். என்ற வானிலை மாடலில் 9 கிலோமீட்டர், 3, 1, பிறகு 333 மீட்டர் என்று உள்ளுக்குள் உள்ளாகக் கட்டங்களை அடுக்குவதும் சுலபம், ஆகவே நுணுக்கினால் நல்லதுதானே என்று அடுக்குகிறார்கள். பகல் நேரத்துப் பெரிய சுழல்களின் அகலமே ஒன்று இரண்டு கிலோமீட்டர். கட்டம் 10 கிலோமீட்டர் என்றால் எல்லாச் சுழல்களும் கட்டத்துக்குள் அடங்கிவிடும், திட்டம் அவற்றை மொத்தமாகக் கவனித்துக்கொள்ளும். கட்டம் 50 மீட்டர் என்றால் பெரியவற்றை மாடலே தீர்க்கும், சின்னவற்றை மட்டும் ஊகித்தால் போதும். நடுவில் சில நூறு மீட்டரில் இரண்டும் கெட்டான் நிலை: திட்டம் தன் பங்குக்கு முழுக் கலப்பையும் செய்யும், மாடலும் அரைகுறையாகச் சுழல்களை உருவாக்கும், ஒரே வேலைக்கு இரண்டு முறை கணக்கு. இந்தப் பகுதியைத்தான் 2004-இல் வின்கார்ட் யாரும் அறியாத நிலம் என்றார். அதோடு, 333 மீட்டர் கட்டம் என்றால் 333 மீட்டர் வரை தெரியும் என்று அர்த்தமில்லை. ஏழு கட்டங்கள் சேர்ந்தால்தான் மாடல் எதையாவது உருப்படியாகத் தீர்க்கும் என்பது அந்த மாடலிலேயே கண்ட அளவு, அதாவது 2 கிலோமீட்டருக்கு மேல். இந்த அளவில் ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கட்ட அளவைப் பார்த்துத் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், முடியாவிட்டால் 1 கிலோமீட்டருக்கு மேலேயே நின்றுகொள்ளுங்கள்.

சுழல்களைத் தீர்க்கும் மாடலுக்கே போனாலும் பகலுக்குப் போதுமான கட்டம் இரவுக்குப் போதாது. நிலைத்த (மேலும் கீழுமான கலப்பு அடங்கிய) இரவு அடுக்குக்காக நடந்த காப்ல்ஸ் என்ற மாடல் ஒப்பீட்டில் 400 மீட்டர் பெட்டியை வைத்துக்கொண்டு கட்டத்தை 12.5 மீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை இறக்கிப் பார்த்தார்கள், அதிலும் விடைகள் கட்டத்துக்குக் கட்டம் மாறின. இன்னொன்று, வெளிக் கட்டத்திலிருந்து உள்ளே நுழையும் காற்றில் சுழல்கள் இருக்காது, அவை உருவாகப் பல கிலோமீட்டர் தூரம் வேண்டும். எல்லையில் சிறு வெப்ப அசைவுகளைத் தூவினால் அந்தத் தூரம் குறையும். அதைச் செய்யாமல் எல்லையை ஒட்டி எடுத்த படத்தைக் கட்டுரையில் போடாதீர்கள்.

கட்டடங்களைச் சுற்றிக் காற்றோட்டத்தைக் கணக்கிட கே-எப்சிலான் என்ற கொந்தளிப்பு மாடலை ஓட்டுபவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. மென்பொருள் கேட்கும் கரடுமுரடு மணல் துகள் அளவில் இருக்கும், வானிலையாளர் சொல்லும் கரடுமுரடு நீளத்தைப் போல் அது ஏறத்தாழ 20 முதல் 30 மடங்கு. புல்வெளிக்கு 0.03 மீட்டர் என்றால் மென்பொருளில் 0.6 முதல் 0.9 மீட்டர் வரை. முதல் கட்டத்தின் மையம் அதற்கு மேலே இருக்க வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் நுழைவாயிலில் நீங்கள் கொடுத்த காற்று கட்டடத்தை அடைவதற்குள்ளேயே வேறு காற்றாகிவிடும்.

கடைசியாக, அளவீட்டை வைத்துச் சரிபார்க்கும்போது. வெப்பப் பாய்வுக்கு 30 நிமிடச் சராசரி வழக்கம், ஆனால் நிலைத்த இரவில் அதற்குள் அலையும் திசைமாற்றமும் கொந்தளிப்போடு கலந்துவிடும், சில நிமிடச் சராசரியே மேல். மோனின்–ஒபுகோவ் வரைபடம் போட்டுப் புள்ளிகள் அழகாக வளைகோட்டில் விழுந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். இரண்டு அச்சுகளிலும் உராய்வு வேகம் (தரை உராய்வின் வலிமையை வேகமாகச் சொல்லும் அளவு) ஒளிந்திருக்கிறது, அதில் உள்ள பிழையே இரண்டையும் சேர்த்து நகர்த்தும். உராய்வு வேகம், வெப்பப் பாய்வு, வேகச் சரிவு ஆகிய அளவீடுகளைத் தனித்தனியாகக் கலைத்துப்போட்டு அதே வரைபடத்தை மறுபடி வரையுங்கள். கலைத்த தரவும் அதே கோட்டில் விழுந்தால் முதல் வரைபடம் எதையும் நிரூபிக்கவில்லை, மூன்றுக்கும் தனித்தனிக் கருவியிலிருந்து தரவு எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.