மெக்கர் காட்டும் எண்ணை நம்புவதற்கு முன்

மழை விட்ட ஒரு காலையில் 11 கே.வி. டிரான்ஸ்பார்மர் ஒன்றின் காப்புத் தடையை, அதை அளக்கும் கருவியான மெக்கரால் அளந்தோம். எச்.டி. (உயர் அழுத்த) சுருளுக்கும் டேங்குக்கும் இடையே 60 மெகா ஓம்தான் வந்தது. சுருளில் ஈரம் ஏறிவிட்டது, இறக்கி அனுப்பிவிடலாம் என்றார் உடனிருந்தவர். சுருளின் முனை டேங்குக்கு வெளியே வரும் பீங்கான் காப்பான புஷ்ஷிங் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். தூசியும் ஈரமும் குழைந்து சேறாக ஒட்டியது. உலர்ந்த துணியால் மூன்று புஷ்ஷிங்குகளையும், மடிப்புகளின் அடிப்பக்கம் வரை துடைத்துவிட்டு மறுபடி அளந்தால் 900ஐத் தாண்டியது. நல்ல டிரான்ஸ்பார்மர் ஒன்று பட்டறைக்குப் போயிருக்கும்!

துடைக்காமல் அளப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. துடைத்த பிறகும் ஐயம் தீரவில்லையா? பீங்கானைச் சுற்றி வெற்றுச் செப்புக் கம்பி ஒன்றைக் கட்டி, மெக்கரின் கார்டு முனையில் இணையுங்கள். மேற்பரப்பில் கசியும் மின்னோட்டம் அளவில் சேராது.

அடுத்தது, இணைப்புகளைக் கழற்றாமல் அளப்பது. கேபிளும் மின்னல் தடுப்பானும் கூடவே இருந்தால் அவற்றின் குறையும் டிரான்ஸ்பார்மர் கணக்கில் விழும். நியூட்ரலின் எர்த் இணைப்பை மறந்துவிட்டால் எல்.டி.க்கும் (தாழ் அழுத்தப் பக்கம்) எர்த்துக்கும் இடையே பூச்சியம்தான் காட்டும். எச்.டி. முனைகள் மூன்றையும் ஒன்றாகவும், எல்.டி. முனைகளை நியூட்ரலோடு சேர்த்து ஒன்றாகவும் கட்டிய பிறகே அளக்க வேண்டும். ஒரே பக்கத்தின் இரண்டு பேஸ்களுக்கு இடையே பூச்சியம் வருவதைக் கண்டு பதறுபவர்களும் உண்டு. உள்ளே சுருள்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் அங்கே பூச்சியம் வருவதே சரி.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, வெப்பநிலை எழுதப்படாத பதிவேடு. டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் எண்ணெயின் சூடு 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் காப்புத் தடை ஏறக்குறைய பாதியாகும். 20 டிகிரியில் 800 மெகா ஓம் காட்டிய அதே டிரான்ஸ்பார்மர், சுமையிலிருந்து இறக்கியதும் 50 டிகிரியில் அளந்தால் 100தான் காட்டும். காப்பில் ஒரு மாற்றமும் இல்லை. போன ஆண்டு 800, இந்த ஆண்டு 100 என்று இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர் என்ன முடிவெடுப்பார்? இதற்கு நேர்மாறானது இன்னும் ஆபத்து: சூட்டில் 400 காட்டியது, குளிர்ந்த பிறகும் 400தான் என்றால் காப்பு நலிந்திருக்கிறது, பதிவேட்டிலோ எல்லாம் சரியாகவே தெரியும். எண்ணுக்குப் பக்கத்தில் எண்ணெய் வெப்பநிலை, கொடுத்த வோல்டேஜ், அளந்த நேரம் மூன்றையும் எழுதுங்கள்.

நேரம் என்றது காரணத்தோடுதான். வோல்டேஜ் கொடுத்த கணத்தில் காப்பு மின்னேற்றம் பெறுவதால் அளவு தாழ்வாகத் தொடங்கி மெல்ல ஏறும். ஒருவர் 15ஆவது நொடியிலும் இன்னொருவர் 60ஆவது நொடியிலும் படித்தால் ஒப்பிட வழியில்லை. 60 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜும் அப்படியே: எல்.டி. பக்கத்துக்கு 500 அல்லது 1000, 11 கே.வி. பக்கத்துக்கு 2500 அல்லது 5000. எதைத் தேர்ந்தாலும் ஆண்டுதோறும் அதையே தொடருங்கள்.

மெக்கர் நன்றாகக் காட்டினால் டிரான்ஸ்பார்மர் முழுவதும் நலம் என்று எண்ணுவதும் தவறு. ஒரே சுருளின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே ஏற்பட்ட பழுது அதன் கண்ணுக்குத் தெரியாது. அதற்குச் சுற்று விகிதச் சோதனையும் சுமையில்லா மின்னோட்ட அளவும் வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் எண்ணெய் எவ்வளவு வோல்டேஜ் தாங்கும் என்பதைத் தனியே சோதிக்க வேண்டும்; அதற்கான மாதிரி எடுப்பதில் அவசரம் கூடாது. வால்வில் தேங்கிய அழுக்கு வெளியேறும் வரை கொஞ்சம் வடியவிட்டு, அதே எண்ணெயால் பாட்டிலை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். மழையில் எடுத்த மாதிரியில் வானத்து ஈரமும் கலந்திருக்கும். சோதனைக் கலத்தில் மின்முனைகளுக்கு இடையிலான 2.5 மில்லிமீட்டர் இடைவெளியைக் கேஜ் வைத்துச் சரிபார்த்து, குமிழ்கள் அடங்கும் வரை பொறுத்து, ஆறு முறை அளந்து சராசரி எடுங்கள்.

முடித்ததும் சுருளை எர்த் செய்யாமல் கம்பியைத் தொடாதீர்கள். மெக்கரை அணைத்த பிறகும் மின்னூட்டம் உள்ளே நிற்கும். அளந்த நேரத்தைவிடக் கூடுதலாகவே எர்த் கம்பி அங்கே இருக்கட்டும். அதற்குப் பிறகே நியூட்ரல் இணைப்பை மறுபடி பூட்டுங்கள்.