யூடோசிமா அந்துப்பூச்சியை அடையாளம் காண்பது எப்படி?

மாதுளை, ஆரஞ்சு பயிரிடுபவர்கள் பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி என்று திட்டுவது பெரும்பாலும் யூடோசிமா பேரினத்தைத்தான். ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை வெப்பமண்டலத்தில் பரவியிருக்கும் இந்தப் பேரழகியைப் பூச்சிக்கொல்லிப் பட்டியலில் மட்டுமே சந்திக்கிறோம் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

அந்துப்பூச்சிகளை ஈர்க்க வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைக்கும் முறை இதற்கு வேண்டாம். வெளிச்சத்தை இவை அவ்வளவாக நாடுவதில்லை. நன்கு கனிந்த கொய்யாவையோ வாழைப்பழத்தையோ கிளையில் கட்டித் தொங்கவிட்டு, இருட்டிய பின் டார்ச்சுடன் செல்லுங்கள். தலையில் மாட்டும் டார்ச்சையே பரிந்துரைப்பேன், இரு கைகளும் கேமராவுக்குக் கிடைக்கும். ஒளி பட்டதும் பூச்சியின் கண்கள் தணலாக மின்னும்.

இனிமேல்தான் சிக்கல். அமர்ந்திருக்கும்போது தெரிவது காய்ந்த இலை நிறத்து முன்னிறகு மட்டுமே. அதை வைத்து இனத்தை முடிவுசெய்யாதீர்கள். ஒரே இனத்திலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் முன்னிறகு வேறுபடும். ஆரஞ்சு நிறப் பின்னிறகைப் பார்த்தே ஆகவேண்டும். கேமராவைத் தொடர்ந்து படமெடுக்கும் நிலையில் வைத்துக்கொண்டு, மெல்லிய புல்தண்டால் முன்னிறகின் ஓரத்தைத் தொடுங்கள். இறகு விரியும் கணத்தில் விடாமல் எடுங்கள். விரலால் பிடித்து விரிக்கவே கூடாது, செதில்கள் உதிர்ந்துவிடும்.

பின்னிறகின் நடுவில் வட்டமான கரும்புள்ளி இருந்தால் அது மட்டெர்னா என்ற இனம். சிறுநீரக வடிவில் வளைந்த கரும்பட்டை இருந்தால் பெரும்பாலும் ஃபலோனியா இனம். சலாமினியா என்ற இனத்திலும் அத்தகைய பட்டை உண்டு. ஆனால் அதன் முன்னிறகு பசுமையாக, மேல்விளிம்பில் வெளிர்நிறப் பட்டையுடன் இருப்பதால் குழப்பம் வராது.

முடிந்தால் பக்கவாட்டிலிருந்து உறிஞ்சுகுழலையும் படமெடுங்கள். நுனி கெட்டியானது, முட்கள் கொண்டது. ஆரஞ்சுத் தோலையே துளைத்துவிடும். அந்தத் துளை வழியாகப் பூஞ்சை நுழைந்து பழம் அழுகி விழுகிறது.

பின்சேர்க்கை: பழங்களில் இந்த அந்துப்பூச்சியின் புழுவைத் தேடியும் கிடைக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அங்கே இருக்காது. நம் ஊரில் சீந்தில், கட்டுக்கொடி இலைகளைப் புரட்டிப் பாருங்கள். உடலின் இரு பக்கமும் பெரிய கண்கள் போன்ற புள்ளிகளுடன், தலையை உள்ளே மடக்கி, பின்பகுதியை உயர்த்தி நிற்கும் புழு இதுதான். பசிபிக் தீவுகளில் ஃபலோனியா புழுக்கள் கல்யாண முருங்கை இன மரங்களின் இலைகளையும் தின்கின்றன.