ஒட்டுப்போட்ட சாமான்களுக்கு ஒரு மியூசியம்: பிராண்டிங் பண்றது எப்படி?

போர்ட்ஃபோலியோவுக்கு (நம்ம வேலைகள காட்டற தொகுப்பு) ஒரு பிராண்டிங் வேலை, அதாவது லோகோ, எழுத்து, கலர்னு ஒரு அடையாளம் உருவாக்கற வேலை வேணும், கிளையண்ட் யாரும் கிடைக்கலன்னா இல்லாத மியூசியம் ஒண்ண நீங்களே கற்பனை பண்ணிக்கலாம். ஆனா "விநோதப் பொருட்கள்"னு பொதுவா வச்சீங்கன்னா கேள்விக்குறி, கண்ணு, பூதக்கண்ணாடின்னுதான் போய் நிப்பீங்க. ஒரே வகைக்கு சுருக்குங்க. நிஜத்துலயே டெல்லில சுலப் மியூசியம் முழுக்க கழிப்பறை மட்டும்தான், ஜாக்ரெப்ல ஒண்ணு முறிஞ்சுபோன உறவுகள்ல மிஞ்சின பொருளுக்குன்னே இருக்கு. நான் இங்க எடுத்துக்கறது ரிப்பேர் பண்ணின சாமான்: கம்பி சுத்தின மூக்குக்கண்ணாடி, ஈயப்பத்து வச்ச குடம், ரப்பர் பேண்ட் போட்ட ரிமோட், எம்-சீல் அடைச்ச வாளி.

இப்படி வரிசையா எழுதிட்டு எல்லாத்துக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாருங்க. எதுலயும் ஒரு இடம் மட்டும் வேற மெட்டீரியல், இல்லையா? அதான் லோகோ. வாளி படம் வரைஞ்சுடாதீங்க, பிளாஸ்டிக் கடை போர்டு மாதிரி ஆயிடும்.

லண்டன் வி அண்ட் ஏ (V&A) மியூசியத்துக்கு டிசைனர் ஆலன் ஃப்ளெட்சர் 1989ல பண்ணின லோகோவ எடுத்து பாருங்க, ஏ எழுத்துல பாதியே கிடையாது, நடுவுல இருக்கற அண்ட் குறிதான் (&) அந்த குறைய நிரப்புது, ஆனா யாருக்கும் படிக்க கஷ்டமா இல்ல. நாமளும் "ஒட்டு"ன்னு பேர் வச்சு, ஏதாவது ஒரு எழுத்துல ஒரு துண்ட வெட்டி, அந்த இடத்துல வேற கலர், வேற தடிமன்ல ஒரு துண்ட வைக்கலாம். எந்த இடம்ங்கறது போஸ்டருக்கு போஸ்டர் மாறலாம், ஆனா ஒரு நேரத்துல ஒரே ஒட்டுதான், இத ரூல் புக்ல எழுதி வச்சுடுங்க. நியூயார்க் விட்னி மியூசியத்துக்கு 2013ல வந்த லோகோவோட டபிள்யூ எழுத்தும் இடத்துக்கு தகுந்தாப்ல நீளும் சுருங்கும், ரூல் ஒண்ணுதான்.

ஃபாண்டுக்கு முக்த மலர், அனெக் தமிழ் ரெண்டும் ஃப்ரீ, கமர்ஷியலாவும் யூஸ் பண்ணலாம். அனெக்ல அகலத்தையும் மாத்தலாம்ங்கறதால எனக்கு அதான் பிடிக்கும். இல்லஸ்ட்ரேட்டர்ல (அடோபியோட டிசைன் சாஃப்ட்வேர்) இந்திய மொழி ஆப்ஷன ஆன் பண்ணாம டைப் அடிச்சா கொம்பு இடம் மாறி நிக்கும், அத அப்படியே பிரிண்டுக்கு அனுப்பறவங்களும் இருக்காங்க (எத்தனை பிளெக்ஸ் பாத்துட்டோம்!). எழுத்த அவுட்லைன், அதாவது வெறும் வடிவமா ஆக்கின பிறகுதான் வெட்டணும். புள்ளிய மட்டும் வெட்டாதீங்க, "ட்" போய் "ட" ஆயிடும்.

கலர எங்கயும் தேட வேணாம், சாமான்லயே இருக்கு. பின்னணிக்கு பழைய சுவத்து வெள்ளை, எழுத்துக்கு கருப்பு, ஒட்டுக்கு மட்டும் வாளி சிவப்பு, எம்-சீல் சாம்பல், செம்பு, இதுல ஏதாவது ஒண்ணு. சாம்பல கொஞ்சம் அடர்த்தியாவே வைங்க, பின்னணியோட கான்ட்ராஸ்ட் (ரெண்டு கலருக்கும் நடுவுல இருக்கற வெளிச்ச வித்தியாசம்) 4.5:1க்கு கீழ போனா சின்ன எழுத்துல கண்ணுக்கு தெரியாது.

நிறைய பேர் மக், டோட் பேக்னு மாக்அப் (பொருள் மேல லோகோ இருக்கற மாதிரி மாதிரிப்படம்) போட்டு முடிச்சுடுவாங்க. மியூசியத்துக்கு வர்றவங்க அதிகம் பாக்கறது பொருள் பக்கத்துல இருக்கற சின்ன அட்டையதான், அதனால அத முதல்ல டிசைன் பண்ணுங்க: பொருள் பேர், என்ன உடைஞ்சது, எத வச்சு ஒட்டினாங்க, யார் வீட்டுது. வரிக்கு வரி இடைவெளி தாராளமா விடுங்க, இல்லன்னா மேல் வரி உகரமும் கீழ் வரி இகரமும் முட்டிக்கும். வீட்டு பிரிண்டர்லயே அசல் சைஸ்ல எடுத்து, சுவத்துல ஒட்டி, ரெண்டடி தள்ளி நின்னு வீட்ல பெரியவங்கள படிக்க சொல்லுங்க. அவங்க கண்ண சுருக்கினா எழுத்து சைஸ ஏத்துங்க, அப்புறம் போஸ்டர் பக்கம் போகலாம்.