கிரவுன் போட்ட பல், கடித்தால் மட்டும் வலித்த கதை

வேர் சிகிச்சை முடிந்த கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ஸிர்கோனியா கிரவுன் (பல்லை மூடும் வெள்ளை நிற உறை) போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாளிலிருந்து மென்றால் சுருக்கென்று ஒரு வலி. சூடு, குளிர்ச்சி எதுவும் செய்யவில்லை.

நரம்பையே எடுத்த பல் எப்படி வலிக்கும்? அங்கேதான் குழம்பினேன். பல் கூச்சத்துக்கான பேஸ்ட் ஒரு வாரம் தேய்த்தேன், வீண். எக்ஸ்ரேயில் வேர் சுத்தமாக இருந்தது. கிரவுன் எங்கே அதிகமாக இடிக்கிறது என்று மை ஒட்டிக் காட்டும் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அதுவும் சரி என்றார்கள்.

அப்புறம்தான் கவனித்தேன்: நேராகக் கடித்தால் வலியில்லை, தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போதுதான் வலி. இதைச் சொன்னதும் மருத்துவர் பல்லைக் காற்றடித்து உலர்த்தி (எச்சில் இருந்தால் தாளின் மை ஒட்டாதாம்), என்னை உட்காரவைத்து, தாளைக் கடித்தபடி இடவலமாக அரைக்கச் சொன்னார். உள்பக்க மேட்டில் கடுகளவு நீலப் புள்ளி! நரம்பு போனாலும் வேரைச் சுற்றியுள்ள தசைநாருக்கு உணர்வு உண்டு. அழுத்தம் அதற்குத்தான் தெரிந்திருக்கிறது.

புள்ளியைத் தேய்த்து, பளபளப்பாக மெருகும் போட்டார். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல் தேயும். பத்து நிமிட வேலை. நான்கே நாளில் வலி போய்விட்டது, நிம்மதி.