ஸ்லாப்பைத் திருப்பி அனுப்பும் முன்: மறுமதிப்பீட்டில் சேகரிப்பாளர்கள் செய்யும் தவறுகள்

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில் பழைய நாணயங்களை வாங்கிப் பழகியவர்களுக்கு, நாணயத்தின் தரம் என்பது கண்ணும் விரலும் சொல்லும் செய்தியாகவே நெடுங்காலம் இருந்தது. இன்று தீவிரமாகச் சேகரிப்பவர்களின் பேச்சில் நாணயத்தைவிட அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையும், அதன் சீட்டில் அச்சிட்ட எண்ணுமே முன்னால் வந்து நிற்கின்றன. அமெரிக்காவில் 1985இல் நிறுவப்பட்ட பிசிஜிஎஸ், 1987இல் நிறுவப்பட்ட என்ஜிசி ஆகிய இரு நிறுவனங்களும் நாணயத்தைச் சோதித்து, 1 முதல் 70 வரையுள்ள அளவுகோலில் ஓர் எண்ணைக் கொடுத்து, ஸ்லாப் எனப்படும் உறையில் முத்திரையிட்டுத் தருகின்றன. அந்த அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செம்பு சென்ட் நாணயங்களுக்காக வகுத்தார். பிற்பாடு அது உலகின் பிற நாணயங்களுக்கும் பரவியது. 60உம் அதற்கு மேற்பட்ட எண்ணும் புழக்கத்தில் தேயாத நாணயத்துக்கு உரியவை.

63க்கும் 64க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எந்தக் கருவியும் அளப்பதில்லை. பயிற்சி பெற்ற சிலர் பார்த்துச் சொல்லும் கருத்து அது. கருத்து என்பதால், மறுமுறை பார்த்தால் மாறவும் கூடும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. அந்த நிறுவனங்களே மறுமதிப்பீட்டைக் கட்டணச் சேவையாக வைத்திருக்கின்றன. ஆனால் நம் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் அச்சேவையை நாடும்போது, நாணயத்தைப் பற்றிய தவறுகளோடு ஊரையும் சட்டத்தையும் பற்றிய தவறுகளையும் சேர்த்தே செய்கிறார்கள்.

உயர்ந்த எண் வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லாமல் அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் பரவலான தவறு. அறையை இருட்டாக்கி ஒரே ஒரு மேசை விளக்கின் கீழ், ஐந்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியோடு நாணயத்தை மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தேயாத வெள்ளியில் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சுழன்று வரும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் காது, மீசை, அங்கியின் மேல் உள்ள யானை ஆகிய மேடான இடங்களில் அந்த ஒளி அறுந்து சாம்பல் நிறம் தெரிந்தால், அது உராய்வு. (1911ஆம் ஆண்டு ரூபாயில் அந்த யானை பன்றியைப் போலத் தோன்றியதால் எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த ஆண்டே உருவம் திருத்தப்பட்டது, இன்றும் அதைப் ‘பன்றி ரூபாய்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள்.) “அச்சு சரியாக விழவில்லை, தேய்மானம் இல்லை” என்று உரியவர் சாதிப்பதையும், மதிப்பீட்டாளர் அதே இடத்தைத் தேய்மானம் என்று எடுத்துக்கொள்வதையும் பலமுறை பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் மதிப்பீட்டாளர் பக்கமே நியாயம் இருந்தது. ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களில் அதே வகை நாணயத்தின் 64, 65 தரப் படங்களை வைத்துக்கொண்டு, நம்முடையது 64களில் தலைசிறந்ததா, சராசரியா என்று கேட்டுக்கொள்ளலாம். சராசரி 64 மறுமுறையும் 64ஆகத்தான் வரும்.

கணக்குப் போடாமல் அனுப்புவது அடுத்த தவறு. ஒரு நாணயம் 63இல் 12,000 ரூபாயும் 64இல் 16,000 ரூபாயும் பெறும் என்று வைத்துக்கொள்வோம். மறுமதிப்பீட்டுக் கட்டணம், நம் சார்பில் நாணயத்தை அனுப்பிவைக்கும் முகவரின் கூலி, போகவும் வரவுமான அஞ்சல் செலவு, காப்பீடு எல்லாம் சேர்ந்து 7,000 ரூபாய் ஆனால், தரம் உயர்ந்தாலும் 3,000 ரூபாய் நட்டம். மாறாக, 64இல் 20,000 ரூபாயும் 65இல் 60,000 ரூபாயும் பெறும் நாணயத்துக்கு 8,000 ரூபாய் செலவழித்தால், ஐந்தில் ஒரு முறை உயர்வு கிடைத்தாலே கை நட்டம் இல்லாமல் தப்பலாம். ஆகவே பார்க்க வேண்டியது இரு தரங்களுக்கு இடையிலுள்ள விலைப் பள்ளத்தின் ஆழத்தை. போன முறை வீணான செலவை இந்த முறை மீட்டுவிடலாம் என்று ஒரே நாணயத்தை மூன்றாம் முறை, நான்காம் முறை அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் நேராவதில்லை.

இனிச் சொல்லப்போவதை நம் ஊர்க்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். தொன்மைப் பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972இன்படி, குறைந்தது நூறு ஆண்டுகள் ஆன நாணயம் தொன்மைப் பொருள். அதை மத்திய அரசோ, அரசு அதிகாரமளித்த அமைப்போ அல்லாத வேறு எவரும் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. புதுச்சேரியில் சேகரிக்கத் தொடங்கும் எவரும் முதலில் தேடுவது பிரெஞ்சுக்காரர் காலத்து நாணயங்களைத்தான். ஒரு பக்கம் லில்லிப் பூவும் மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’ என்ற எழுத்தும் பொறித்த செம்புத் துட்டு, பணம் எனப்படும் சிறு வெள்ளி நாணயம், ரூபாய் அடிக்க 1736இல் கிடைத்த அனுமதியைக் கொண்டு இங்கே அடித்துப் பிறைக்குறி இட்ட ஆற்காட்டு ரூபாய் ஆகிய அனைத்தும் நூறாண்டைத் தாண்டியவை. வெளிநாட்டு ஏலத்தில் ஸ்லாப்போடு வாங்கி முறையாக இங்கே கொண்டுவந்த நாணயத்துக்கும் இதே விதிதான். வந்த வழியே திரும்பிப் போகும் உரிமை அதற்கு இல்லை. மதிப்பிட்டதும் திரும்பி வந்துவிடும் என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

இந்த இடத்தில்தான் பாரிஸ் நினைவுக்கு வரும். பிசிஜிஎஸ் 2010இல் பாரிசில் அலுவலகம் திறந்தது. பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்களோ நம் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. விடுமுறைக்கு வந்து திரும்பும் மாமாவின் கைப்பையில் இரண்டு ஸ்லாப்புகளைப் போட்டு அனுப்பினால் என்ன என்று கேட்கிறார்கள். சுங்கச் சோதனையில் சிக்கினால் நாணயம் பறிபோவதோடு, வழக்கை எதிர்கொள்ளப் போகிறவர் அந்த மாமா. நூறாண்டைத் தொடாத நாணயங்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அப்படிப்பட்டது. அவற்றை அனுப்பும்போதும், அஞ்சல் நிறுவனம் நாணயங்களை ஏற்குமா, காப்பீடு அவற்றுக்குச் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

சட்டத்துக்கு அடுத்தபடியாக நம் ஊர் சேகரிப்பாளரின் பகை கடற்காற்று. ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டி என்று பலரும் நம்புகிறார்கள். அது கைபடாமல் காக்குமே தவிர, ஈரத்தை முழுமையாகத் தடுக்காது. செம்பு, வெண்கல நாணயங்களுக்கு எண்ணோடு நிறக் குறியும் உண்டு: அச்சடித்தபோது இருந்த செந்நிறம் 95 விழுக்காடாவது எஞ்சியிருந்தால் ஆர்டி, ஏறக்குறைய முழுவதும் பழுப்பேறியிருந்தால் பிஎன், இரண்டுக்கும் இடைப்பட்டது ஆர்பி. 1939ஆம் ஆண்டுக் காலணா ஒன்றை 64 ஆர்டி என்ற சீட்டோடு வாங்கி, கடற்கரைக்கு நான்கு தெரு தள்ளியிருக்கும் என் வீட்டுப் பீரோவில் ஏழு ஆண்டுகள் வைத்திருந்தேன். 65 கிடைக்கும் என்ற துணிவில் முகவர் மூலம் மறுமதிப்பீட்டுக்கு அனுப்பியபோது, அது 64 ஆர்பி என்று திரும்பி வந்தது. பார்த்தவர்கள் மேல் குற்றமில்லை. சன்னலோரம் எடுத்துச் சென்று பார்த்தபோது, அரசரின் கழுத்தை ஒட்டிப் பழுப்பு படர்ந்திருப்பது எனக்கே தெரிந்தது. அனுப்பும் முன் நான் அதைச் சீட்டின் கண்ணால்தான் பார்த்திருந்தேன். செம்பின் நிறமாற்றத்துக்கான பொறுப்பைப் பிசிஜிஎஸ் 2010 முதல் தன் உத்தரவாதத்திலிருந்து விலக்கிக்கொண்டது; ஆகவே இப்படிப்பட்ட இழப்புக்கு ஈடு கேட்க வழியில்லை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைப் பெட்டியில் போட்டு, மழைக்காலத்துக்கு முன்பாக மாற்றிவிடும் பழக்கம் அதற்குப் பிறகே எனக்கு வந்தது.

உறையை உடைத்து வெறும் நாணயமாக அனுப்பினால் மதிப்பீட்டாளர் பழைய எண்ணின் பிடியில் இல்லாமல் பார்ப்பார் என்று சிலர் கருதுகிறார்கள். அந்த எண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு என்றாலும், உறை உடைந்த கணமே நிறுவனத்தின் உத்தரவாதமும் போய்விடுகிறது. குறடு வழுக்கி விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால், முன்பு 63 பெற்ற நாணயம் எண்ணே இல்லாமல், ‘சேதமுற்றது’ என்ற குறிப்போடு டீடெயில்ஸ் சீட்டில் வந்து சேரும். உடைத்த கையோடு நாணயத்தைப் பளபளப்பாக்க முனைவது அதைவிடக் கொடுமை. பூசைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கியும், வெள்ளிக் குத்துவிளக்கை விபூதியால் தேய்த்தும் பழகிய கை நம்முடையது; அந்தக் கை நாணயத்தின் மேல் பட்டால், நாணயம் அச்சடிக்கப்பட்ட அன்றைய ஒளியைத் தாங்கும் நுண்ணிய வரிகள் அழிந்துபோகும். வெள்ளியைக் கரைசலில் முக்கி எடுப்பதும் சிறிதளவு மேற்பரப்பைக் கரைத்துவிடுகிறது. மென்மையான பிளாஸ்டிக் உறைகள் விட்டுச்சென்ற பச்சைப் பிசுக்கைத் தூய அசிட்டோனில் ஊறவைத்து நீக்குவது ஒன்றே நான் விதிவிலக்காக ஏற்கும் காரியம், அதையும் தேய்க்காமல் செய்ய வேண்டும்.

உடைக்காமலேயே அனுப்ப முறைகள் இருக்கும்போது, எந்தப் படிவம் எதற்கு என்று அறியாமல் கையெழுத்திடுவதும் வழக்கமாக நடக்கிறது. பிசிஜிஎஸ்ஸில் ரீகன்சிடரேஷன் என்ற சேவையில் நாணயம் உறையோடே பார்க்கப்படுகிறது, தரம் இறங்காது. ரீகிரேடு என்ற சேவையில் உறையிலிருந்து எடுத்துப் பார்க்கிறார்கள், தரம் இறங்கவும் கூடும். ஒரு நிறுவனத்தின் ஸ்லாப்பை மற்றொன்றின் ஸ்லாப்புக்கு மாற்றும் கிராஸ்ஓவரில் ‘குறைந்தபட்சம் இந்தத் தரம்’ என்று எழுதும் கட்டம் ஒன்று உண்டு. அந்தக் கட்டத்தில் தாழ்ந்த தரத்தை எழுதிவிட்டு 64ஐ 62ஆகப் பெற்றவர்கள் பிறகு முகவரிடம் சண்டைக்கு நிற்பதில் பயனில்லை. 64 என்றே எழுதியிருந்தால், அத்தரம் எட்டாத நாணயம் பழைய உறையிலேயே திரும்பியிருக்கும். கட்டணம் மட்டும் போயிருக்கும்.

உடைத்துத்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தவர்கள், பழைய சீட்டை எறியாமல் அந்த நிறுவனத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தரத்திலும் எத்தனை நாணயங்கள் உள்ளன என்று நிறுவனங்கள் வெளியிடும் கணக்கில், சீட்டு திரும்பாத நாணயம் இரண்டாக எண்ணப்படும். அமெரிக்க நாணயங்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளில் அது கரைந்துவிடும். மொத்தமே ஐந்தாறு மட்டும் பதிவான ஒரு புதுச்சேரிப் பணத்திலோ, ஒரே நாணயத்தை இருமுறை எண்ணினாலும் அபூர்வம் குறைந்துவிட்டதுபோல் தோன்றி, உயர்ந்த எண்ணுக்காகக் காத்திருந்தவரின் விலையையே அது இறக்கிவிடும்.